கூரைச் சோதனைக்கு ட்ரோன்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டுக் கூரையைப் பார்க்க ட்ரோன் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தாராளமாக வாங்கலாம், ஆனால் எங்கே ஒழுகுகிறது என்று அது கண்டுபிடித்துத் தரும் என நம்பி வாங்க வேண்டாம். தண்ணீர் ஓரிடத்தில் நுழையும். கைமரத்தின் வழியாகவோ, கான்கிரீட்டுக்குள் இருக்கும் சந்துகளின் வழியாகவோ ஓடி, பல அடி தள்ளி வேறோர் அறையில் சொட்டும். அந்தப் பாதையை மேலே பறக்கும் கேமரா பார்க்க முடியாது. ட்ரோனால் கிடைக்கும் பெரிய பலன் வேறு. ஒரே கூரையை, ஒரே இடங்களிலிருந்து, ஒரே கோணத்தில், ஆண்டுக்கு ஆண்டு படம் எடுத்து வைத்தால் எது மாறிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். மாறும் இடத்தில்தான் அடுத்த ஒழுகல் வரும். எனக்கு இந்தக் கருவி பிடித்துப் போனதற்குக் காரணம் அதுதான்.

ஏறிப் பார்ப்பதைவிட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலகில் தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில், சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் விழுந்து இறப்பதற்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் என்பது அதன் மதிப்பீடு. அதில் கூரையிலிருந்து விழுந்தவர்கள் ஒரு பகுதிதான் என்றாலும், தெரிந்தே அந்தக் கணக்கில் சேர வேண்டியதில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை இன்னும் மோசம். பார்வைக்கு உறுதியாக இருக்கும், கால் வைத்தால் சொல்லாமல் உடையும், உடைந்தால் நுரையீரலுக்குக் கேடு செய்யும் இழைகள் காற்றில் கலக்கும். ஓட்டுக் கூரையில் விரிசல் விட்ட ஓடு ஒன்றைப் பார்க்க ஏறி நான்கு நல்ல ஓடுகளை உடைத்துவிட்டு இறங்குவது எல்லா வேலைக்காரர்களுக்கும் தெரிந்த கதை.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 250 கிராமுக்குள் அடங்கும் மடக்கு ட்ரோனே இந்த வேலைக்குப் போதும். நான் பயன்படுத்துவது 2022-இல் வந்த டிஜேஐ மினி 3 புரோ. 249 கிராம் எடை, 48 மெகாபிக்சல் வரை படம் எடுக்கும். கூரை வேலைக்கு என்னைக் கவர்ந்தது அதன் கேமரா 60 டிகிரி வரை மேல்நோக்கித் திரும்பும் என்பது. கூரை விளிம்புக்கு அடியில் மரம் உளுத்திருக்கிறதா, பறவை கூடு கட்டியிருக்கிறதா, விளிம்புப் பலகையில் ஈரக்கறை இருக்கிறதா என்று தாழ்வாகப் பறந்து அண்ணாந்து பார்க்கலாம். பல ட்ரோன்களில் ப்ரொபெல்லரும் உடலும் மறைத்துக்கொண்டு இந்தப் பார்வை கிடைக்காது. ஒரு பேட்டரிக்கு 34 நிமிடம் என்பது காற்றில்லாத வெளியில் எடுத்த கணக்கு. நின்று நின்று படம் எடுக்கும் இந்த வேலையில், திரும்பி வரச் சார்ஜும் மிச்சம் வைத்தால் 20 நிமிடத்துக்குத் திட்டமிடுவது நல்லது. நடுத்தர வீட்டுக்கு அது தாராளம்.

எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் 24 மி.மீ.க்கு இணையான அகல லென்ஸ், அதாவது பரந்த காட்சியை ஒரே படத்தில் அடக்கும் லென்ஸ், இருக்கும். கூரையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால் படத்தில் சுமார் 14 மீட்டர் அகலம் விழும். 12 மெகாபிக்சல் படத்தின் அகலம் ஏறக்குறைய 4,000 புள்ளிகள் (பிக்சல்கள்). ஆக ஒரு புள்ளிக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மில்லிமீட்டர். உடைந்த ஓடு, நழுவிய ஓடு, அடைத்த மழைநீர்க் குழாய்வாய் எல்லாம் இதில் தெரியும். விரிசல் தெரியாது. 3 மீட்டருக்கு வந்தால் புள்ளிக்கு 1 மி.மீ. கிடைக்கும்; அப்போதுதான் பூச்சு விரிசல்களும் திருகாணியைச் சுற்றிய துருவும் பிடிபடும். முடியளவு விரிசல் அப்போதும் உறுதியாகத் தெரியாது. கான்கிரீட் மாடியில் 0.3 மி.மீ. விரிசல் வழியாகவும் நீர் இறங்கும் என்பதால், ‘படத்தில் ஒன்றும் இல்லை’ என்பதை ‘கூரையில் ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேமராவைக் கூரைச் சரிவுக்கு நேர் எதிராகப் பிடிப்பதும் முக்கியம். 30 டிகிரி சரிவுள்ள கூரைக்குக் கேமராவை 60 டிகிரி கீழே சாய்த்தால் ஓடுகள் நேராக விழும். நேர் மேலிருந்து மட்டும் எடுத்தால் செங்குத்தான பகுதிகள் குறுகித் தெரியும். அங்கே இருக்கும் குறைகளும் சுருங்கிப் போகும்.

அப்புறம் வெளிச்சம். நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது, சற்றே தூக்கிக்கொண்ட ஓடு நிழல் போடும், வளைந்த தகரம் நெளிந்து தெரியும், உப்பிய பெயின்ட் கொப்புளங்கள் வரிசையாகக் கண்ணில் படும். பாசி, கறை, நிறமாற்றம் பார்க்க மேகமூட்டமான நாள்தான் சரி. வெள்ளைக் குளிர்பூச்சு அடித்த மாடியில் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை, கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே வெள்ளையாகி விரிசலும் சேர்ந்து மறையும்.

தட்டை மாடிக்கு மழை விட்ட பிறகுதான் சரியான நேரம். எங்கே வாட்டம் (நீர் வடியத் தரும் சரிவு) சரியில்லையோ அங்கே நீர் குட்டையாக நிற்கும். கூரைத் தொழிலில், காயத் தோதான வானிலையில் 48 மணி நேரத்துக்குப் பிறகும் நிற்கும் நீரைத்தான் குறையாகக் கணக்கிடுவது வழக்கம். எனவே மழை நின்றவுடன் ஒன்று, இரண்டு நாள் கழித்து ஒன்று என இரண்டு முறை படம் எடுப்பேன். இரண்டாவது படத்தில் மிஞ்சும் குட்டைகளும், வற்றிய இடத்தில் அழுக்கு விட்டுப்போன வளையங்களும் வாட்டம் எங்கே கெட்டிருக்கிறது என்று அப்படியே காட்டிவிடும். மாடியில் நின்று பார்த்தால் இந்த வளையங்களின் முழு வடிவம் பிடிபடாது. ட்ரோனுக்கு இணையே இல்லாத வேலை என்றால் எனக்கு இதுதான்.

இப்போது நான் முதலில் சொன்ன ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு கூரைக்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறேன்: முதலில் நான்கு மூலைகளிலிருந்து முழுப் பார்வை, பிறகு ஒவ்வொரு சரிவும், முகடு, இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் வெளியே வரும் இடங்கள், தொட்டியின் அடி. சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் வரை பிசகும் என்பதால் பழைய இடத்துக்கே அது கொண்டுபோய் நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. குறித்து வைத்த இடங்களுக்குத் தானே பறந்து போகும் வேபாயிண்ட் வசதி இருந்தால் பாதி வேலை குறையும். இல்லாவிட்டால், போன முறை எடுத்த படத்தை இன்னொரு போனில் திறந்து வைத்துக்கொண்டு, முகட்டின் முனை, தொட்டியின் விளிம்பு போன்ற அசையாத இரண்டு அடையாளங்கள் ஒத்துவரும் வரை ட்ரோனை நகர்த்தினால் போதும். பொறுமை வேண்டும், ஆனால் பலன் பெரிது.

ஒரு வீட்டில் தொட்டியின் அடியில் மங்கலான ஈரக்கறை ஒன்று முதல் ஆண்டுப் படங்களிலேயே இருந்தது. தனியாகப் பார்த்தால் யாரும் பொருட்படுத்தாத கறை. அடுத்த ஆண்டுப் படத்தை அருகில் வைத்தபோது கறை ஒரு பக்கமாக மட்டும், வாட்டத்துக்கு எதிர்த்திசையில் நீண்டிருந்தது. மழைநீர் அப்படிப் பரவாது. தோண்டிப் பார்த்ததில் தளப்பூச்சுக்குள் புதைந்த குழாயின் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. கீழே கூரையில் இன்னும் ஓதம் இறங்கியிருக்கவில்லை. இன்னொரு வீட்டில், பலத்த காற்றுக்குப் பிறகு முகட்டு ஓடுகள் விலகியிருந்தன. காற்றால் விலகியதா, முன்பே விலகியிருந்ததா என்று வீட்டுக்காரருக்கும் கூரை வேலை செய்தவருக்கும் வாக்குவாதம். முந்தைய படத்தில் முகட்டுச் சாந்து பெயர்ந்து, வரிசை ஏற்கெனவே வளையத் தொடங்கியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. அதோடு பேச்சு முடிந்து, சாந்தை முழுவதும் புதிதாகப் போடும் வேலை தொடங்கியது. தேதியோடு இருக்கும் படத்துக்கு உள்ள பலம் இது. காப்பீடு கேட்கும் இடத்திலும் இது கைகொடுக்கும்.

படங்களை ஒட்டி முழுக் கூரையின் வரைபடமும் முப்பரிமாண உருவமும் செய்யலாம். அதற்கு அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும்; ஓப்பன்ட்ரோன்மேப் என்ற திறமூல மென்பொருளே இதைச் செய்துவிடும். பரப்பளவு அளந்து பொருள் வாங்கும் ஒப்பந்தக்காரருக்கு உதவும். தன் வீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

வெப்பக் கேமராவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மேவிக் 3 தெர்மல் போன்ற ட்ரோன்களில் 640×512 புள்ளிகள் கொண்ட வெப்பக் கேமரா இருக்கிறது. வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். அது தண்ணீரைக் காட்டுவதில்லை, வெப்ப வேறுபாட்டைக் காட்டுகிறது. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் பயன். பகலெல்லாம் வெயில் குடித்த தட்டைக் கூரையில், நீர் கோத்த பகுதி சூடு ஏறவும் இறங்கவும் அதிக நேரம் எடுக்கும். ஆகவே பொழுது சாய்ந்த பிறகு, காய்ந்த பகுதிகள் ஆறிவிட, நனைந்த பகுதி சற்று நேரம் சூடாகத் தெரியும். காற்று வீசும் மாலையிலும், மேகமூட்டமான நாளுக்குப் பிறகும் இந்த வேறுபாடு கரைந்துவிடும். பளபளக்கும் தகரத்தில் இது பெரும்பாலும் வீண்வேலை: அந்தப் பரப்பு தன் வெப்பத்தைவிட வானத்தின் குளிரைத்தான் பிரதிபலிக்கும். சூடாகத் தெரிந்த இடத்தை ஈரமானி வைத்துச் சோதிக்காமல் ‘கசிவு’ என்று அறிக்கையில் எழுதுபவரை நம்ப வேண்டாம்.

ஆபத்துகளில் முதலிடம் கம்பிகளுக்கு. தடையை உணரும் சென்சார்கள் சுவரைப் பார்க்கும், மரத்தைப் பார்க்கும். கேபிள் வயர், துணிக்கொடி, இலையில்லாத மெல்லிய கிளை எதையும் நம்பகமாகப் பார்க்காது. பறக்கும் முன் வீட்டைச் சுற்றி நடந்து எல்லாக் கம்பிகளையும் கண்ணால் எண்ணிக்கொள்வது ஒன்றே வழி. இரண்டாவது, தானாகத் திரும்பி வரும் வசதி. சிக்னல் அறுந்ததும் ட்ரோன் குறித்த உயரத்துக்கு நேராக ஏறும். அந்த உயரம் அக்கம்பக்கத்து மரங்களைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூரை விளிம்புக்கு அடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது மேலே ஏறினால் விளிம்பில்தான் மோதும். அந்தப் பகுதிக்கு மட்டும், சிக்னல் போனால் அந்தரத்திலேயே நிற்கும்படி மாற்றி வைப்பேன்.

கான்கிரீட் தளத்தில் வைத்துக் கிளப்பினால் உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பி திசைகாட்டியைக் குழப்பும். ஒரு மர மேசை மேல் வைத்துக் கிளப்பினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பளபளக்கும் தகரம், தேங்கிய நீர், ஒரே நிறமான வெள்ளைத் தளம் ஆகியவற்றின் மேல் தாழப் பறக்கும்போது அடிப்பக்கச் சென்சார் தடுமாறும். கூரையின் காற்று மறைந்த பக்கம் அமைதியாகத் தோன்றினாலும் அங்கேதான் சுழற்காற்று இருக்கும். காகமோ பருந்தோ துரத்தினால் வேகமாக நேர் மேலே ஏறிவிட்டு, அன்றைய வேலையை நிறுத்திவிடுவேன். கூடு கட்டும் காலத்தில் அந்தப் பக்கமே போவதில்லை. பறவைக்கும் நல்லது, கருவிக்கும் நல்லது.

விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. 250 கிராம் எடையும் 120 மீட்டர் உயரமும் பல நாடுகளில் எல்லைக்கோடுகள். விமான நிலையத்துக்கு அருகில் எங்குமே கட்டுப்பாடு உண்டு. கூலிக்குச் செய்தால் பல இடங்களில் தனி உரிமம் வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேமரா தங்கள் ஜன்னலைப் பார்க்கிறதோ என்ற பயம் நியாயமானது. திரையை அவர்களிடமே காட்டிவிட்டால் பெரும்பாலோர் சமாதானம் ஆகிவிடுகிறார்கள்.

பராமரிப்பில் பேட்டரிதான் முக்கியம். முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. பாதிச் சார்ஜில் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். உப்பியதைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். ஓரம் சிதைந்த ப்ரொபெல்லர் நடுக்கம் தந்து படத்தை மங்கலாக்கும் என்பதால் அதையும் சும்மா விடக் கூடாது.

ஒரே ஒரு வீடு, அதுவும் ஏற எளிதான தட்டை மாடி என்றால் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்து எடுத்தால் போதும். சரிவுக் கூரை, பல கட்டடங்கள், உயரமான வீடு என்றால் சொந்தக் கருவி பயன்படும். ஆள் வைப்பவர்கள் அறிக்கையோடு நின்றுவிடாமல், எடுத்த எல்லாப் படங்களின் மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். எடுத்த தேதியும் உயரமும் இடமும் அந்தக் கோப்புகளுக்குள் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அவை நீங்கிவிடும், படமும் சுருங்கிவிடும். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்தாலும் அதே இடங்களிலிருந்து எடுக்கச் சொல்ல அந்தக் கோப்புகள் வேண்டும்.