முதல் ஜிபிஎஸ் சைக்கிள் கம்ப்யூட்டர்: கோடு போதுமா, வரைபடம் வேண்டுமா?

ஹேண்டில்பாரில் மாட்டி வேகம், தூரம், வழி பார்க்கும் சின்னக் கருவிதான் ஜிபிஎஸ் சைக்கிள் கம்ப்யூட்டர். அதைப் புதிதாக வாங்குபவர்களின் கண் முதலில் போவது திரையின் நிறத்துக்கும் வசதிப் பட்டியலின் நீளத்துக்கும்தான். முடிவு செய்ய வேண்டியது வேறு. தெரிந்த சாலையிலேயே தூரத்தைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்களா, தெரியாத ஊருக்குள் நுழையப் போகிறீர்களா? விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குள்தான் இருக்கிறது.

வழிகாட்டுவதில் மூன்று படிகள் உண்டு. முதல் படியில் வழிகாட்டலே கிடையாது. வேகம், தூரம், நேரம் பதிவாகும், அவ்வளவே. ஐஜிபிஸ்போர்ட் பிஎஸ்சி100எஸ் இந்த ரகம். இரண்டாவது படியில் வெற்றுத் திரையில் ஒரு கோடு தெரியும். போனில் வரைந்த பாதையை ஏற்றிவிட்டால் அந்தக் கோட்டின் மேல் உங்கள் அம்புக்குறி நகரும். பிஎஸ்சி200, கார்மின் எட்ஜ் 130 பிளஸ் இரண்டும் இப்படித்தான். கோட்டை விட்டு விலகினால் எச்சரிக்கும். ஆனால் திரும்பி வர எந்தச் சந்தில் புக வேண்டும் என்று சொல்லாது, ஏனென்றால் அதற்குத் தெருக்களே தெரியாது. மூன்றாவது படியில் தெருக்கள் உள்ளேயே இருக்கும். கார்மின் எட்ஜ் 540, 840, எட்ஜ் எக்ஸ்ப்ளோர் 2, வாஹூ எலெமென்ட் ரோம் போன்றவை வழி தவறினால் தாமே புது வழி கணக்கிடும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: சில கருவிகள் வரைபடத்தைப் பின்னணியாகக் காட்டுமே தவிர வழி கணக்கிடாது. பெட்டியில் ‘வரைபடம்’ என்று இருந்தால் போதாது. மறுவழி கணக்கிடுமா என்று தனியாகக் கேளுங்கள்.

எங்கள் பரிந்துரை இரண்டாம் படி. மிச்சமாகும் பணத்தில் மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை ஒன்றை வாங்குங்கள். ஏற்றத்தின் அடியிலேயே மூச்சைச் செலவழித்துவிட்டுப் பாதியில் இறங்கித் தள்ளுவதுதான் தொடக்கக்காரர்களின் பெரிய சிக்கல். அதைத் தடுப்பது துடிப்பு எண். வண்ண வரைபடம் அல்ல.

தொடுதிரையா, பொத்தானா? பொத்தான். வியர்வைத் துளியும் மழையும் தொடுதிரையைத் தாமே அழுத்திப் பக்கத்தை மாற்றிவிடும். எட்ஜ் 540க்கும் 840க்கும் முக்கிய வேறுபாடே இதுதான்: 540இல் பொத்தான் மட்டும், 840இல் தொடுதிரையும் சேர்ந்தது. வரைபடத்தை நகர்த்திப் பார்ப்பவருக்கே அது உதவும்.

உயரம் அளக்க பாரோமீட்டர், அதாவது காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும் சென்சார், இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கருவிக்குச் சிக்னல் எட்டும் செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழிருந்து ஒன்றும் எட்டாது. அதனால் ஜிபிஎஸ் கணிக்கும் உயரம் இடத்தைவிட அதிகமாகப் பிசகும், ஏற்றத்தின் சரிவு எண்ணும் தாவும். பாரோமீட்டருக்கும் குறை உண்டு. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாறினால் உயரம் சுமார் 8 மீட்டர் தள்ளிப்போகும். வானிலை மாறிய நாளில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினாலும் எண் பொருந்தாது. கருவியில் உள்ள சின்னத் துளையை வியர்வை உப்பு அடைத்தால் உயரம் அப்படியே உறைந்து நிற்கும். நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளிருக்கும் சென்சார் கெட்டுவிடும்.

பயணத் தடம் கோணலாக விழுவதற்குப் பல சமயம் கருவி காரணமல்ல, அவசரமே காரணம். ஒரு செயற்கைக்கோளின் பாதைத் தகவலை முழுதாக வாங்கவே 30 விநாடி ஆகும். நடுவில் கட்டடம் மறைத்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். திறந்த வெளியில் ஒரு நிமிடம் நின்று, சிக்னல் கிடைத்த பிறகு மிதியுங்கள். புறப்படும் முன் போன் செயலியுடன் ஒருமுறை இணைத்தால் அந்தத் தகவல் முன்கூட்டியே வந்துவிடும்.

இதயத்துடிப்புப் பட்டை, வேக சென்சார் போன்ற சென்சார்களைப் போனின் ப்ளூடூத் பட்டியலில் இணைக்காதீர்கள். பல சென்சார்கள் ப்ளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். போன் பிடித்துக்கொண்டால் கம்ப்யூட்டருக்கு அது கண்ணிலேயே படாது. கம்ப்யூட்டரின் சென்சார் மெனுவிலிருந்தே தேடுங்கள். சென்சார்கள் பேசும் இன்னொரு கம்பியில்லா முறையான ஆன்ட் பிளஸ், வானொலி போல எல்லோருக்கும் ஒலிபரப்புவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. வேக சென்சார் மாட்டினால் சக்கரச் சுற்றளவைச் சரியாகக் கொடுங்கள்: 700x25 டயருக்கு சுமார் 2105 மி.மீ., 700x28க்கு 2136. இரண்டையும் மாற்றிப் போட்டால் 100 கிலோமீட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் பிசகும்.

கருவியை ஹேண்டில்பாரில் பிடித்து நிறுத்தும் மவுன்ட் விஷயத்தில் கார்மினும் வாஹூவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டும் கால் திருப்பில் பூட்டினாலும் பற்கள் வேறு. முன்னே நீளும் மவுன்ட் பெரும்பாலும் 31.8 மி.மீ. ஹேண்டில்பாருக்கானது, 25.4 என்றால் இடையில் வைக்கும் ரப்பர் வளையம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் கயிற்றைக் கட்டாமல் ஓட்ட வேண்டாம்.

பேட்டரிக்கு, உங்கள் மிக நீண்ட பயணத்தைப் போல இரண்டு மடங்கு மணி நேரம் சொல்லும் கருவியை எடுங்கள். திரை வெளிச்சமும் வழிகாட்டலும் அதை வேகமாகக் குடிக்கும். மழையில் நனைந்தால் சார்ஜ் துளை காய்ந்த பிறகே கம்பியைச் செருகுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நன்கு தெரிந்த சாலையில் ஒரு பாதையை ஏற்றி, உச்சி வெயிலில் ஓட்டி, வேண்டுமென்றே ஒரு தெருவில் விலகிப் போங்கள். எத்தனை நொடியில் எச்சரிக்கிறது, அந்த வெளிச்சத்தில் எண்ணைக் குனியாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.