ஓடும் பிராசஸ்களை எண்ணுவதற்கு பிகிரெப்: ஒரு பயனரின் மதிப்பீடு

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு, குறிப்பிட்ட பெயருடைய பிராசஸ்கள் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள்) எத்தனை ஓடுகின்றன என்று பார்க்கும் தேவை அன்றாடம் எழுகிறது. அதற்குப் பெரும்பாலோர் கைப்பழக்கமாகத் தட்டுவது, ஓடும் பிராசஸ்கள் எல்லாவற்றையும் காட்டும் ‘பிஎஸ் ஏயுஎக்ஸ்’ தரும் பட்டியலை, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கடத்தும் பைப் வழியே, சொல் தேடும் கிரெப்புக்கு அனுப்பி, அது வடிகட்டிய வரிகளை ‘டபிள்யூசி மைனஸ் எல்’ கொண்டு எண்ணும் மூன்று கண்ணிச் சங்கிலியைத்தான். அதற்கு மாற்றாக, பிஎஸ் இருக்கும் தொகுப்பிலேயே உடன் வரும் பிகிரெப் கட்டளையை நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1998இல் சோலாரிஸ் 7 என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தில் அறிமுகமான இக்கருவி பின்னர் லினக்ஸுக்கும் வந்தது.

இதன் அருமையை உணர, பழைய சங்கிலி எங்கே பிசகுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பைப்பால் இணைத்த கட்டளைகள் ஒன்று முடிந்த பிறகு அடுத்தது தொடங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) அவை அனைத்தையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிறது. ஆகவே பிஎஸ் பட்டியல் எடுக்கும்போது கிரெப்பும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கட்டளை வரியிலேயே நாம் தேடும் பெயர் இருப்பதால், கிரெப் தன்னையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சர்வர் நிரலைத் தேடினால், அது ஒன்றுகூட ஓடாத சர்வரிலும் விடை பெரும்பாலும் 1 என்றே வரும். நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், எண்ணிக்கை பூஜ்யமானால் எச்சரிக்கை அனுப்பும்படி இப்படியொரு சங்கிலியை ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தோம். பிராசஸ் நின்றுபோன இரவு முழுவதும் எச்சரிக்கை வரவே இல்லை. காலையில் அந்தச் சங்கிலியை எண்ணும் கண்ணி இல்லாமல் கையால் ஓட்டிப் பார்த்தபோது, திரையில் இருந்த ஒற்றை வரி கிரெப்புடையதாக இருந்தது.

கிரெப்பையே நீக்க இன்னொரு கிரெப்பைச் சேர்ப்பதும், பெயரின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுவதும் பழைய உபாயங்கள். ஆனால் சக பணியாளர் ஒருவர் விம் என்னும் உரைத் திருத்தியில் என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அதுவும் ஒரு பிராசஸாக எண்ணிக்கையில் ஏறிவிடுவதை இவை தடுப்பதில்லை.

பிகிரெப் தன்னை ஒருபோதும் கணக்கில் சேர்ப்பதில்லை. இயல்பாக முழுக் கட்டளை வரியை விட்டு, பிராசஸின் பெயரை மட்டுமே ஒப்பிடுகிறது. ‘மைனஸ் சி’ கொடுத்தால் எண்ணிக்கை நேரடியாக வருகிறது. பெயர் முழுமையாகப் பொருந்த ‘மைனஸ் எக்ஸ்’, ஒரு பயனருக்குரியவற்றை மட்டும் பார்க்க ‘மைனஸ் யூ’. என் வேலைக்கு இம்மூன்றே போதுமானவையாக இருக்கின்றன.

குறைகளும் உண்டு. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பிராசஸின் பெயரில் முதல் 15 எழுத்துகளையே வைத்திருப்பதால், அதைவிட நீண்ட பெயரைத் தேடினால் விடை பூஜ்யமாகிவிடுகிறது. அப்போது ‘மைனஸ் எஃப்’ கொண்டு முழுக் கட்டளை வரியில் தேட நேர்கிறது. உடனே மேலே சொன்ன விம் சிக்கல் திரும்பி வந்துவிடுகிறது. பைத்தான், ஜாவா நிரல்களை எண்ணும்போது இதைத் தவிர்ப்பது கடினம் என்பதால், நிரலின் முழுப் பாதையையே தேடுசொல்லாகக் கொடுப்பது என் வழக்கம். மேலும், எதுவும் பொருந்தாதபோது பிகிரெப் 0 என்று அச்சிடுவதோடு, முடிவுக் குறியீடாக, ஷெல் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் 1ஐத் திருப்பித் தருகிறது. பிழை வந்தால் நின்றுவிடும்படி அமைத்த ஷெல் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கன்டெய்னர்களுக்கான (நிரல்களைத் தனித்தனியே பிரித்து ஓட்டும் சூழல்களுக்கான) மெலிந்த டெபியன் லினக்ஸ் இமேஜ்களில் இத்தொகுப்பே இருப்பதில்லை என்பதால், அதைத் தனியாக நிறுவ வேண்டும்.

மேக் கணினியில் உள்ள பிகிரெப்பில் எண்ணிக்கை தரும் இந்த வசதி இல்லை. ஆயினும் அது ஒரு பிராசஸுக்கு ஒரு வரி வீதம் அடையாள எண்ணை மட்டுமே அச்சிடுவதால், அங்கே அதன் வெளியீட்டை ‘டபிள்யூசி மைனஸ் எல்’லுக்கு அனுப்பிச் சரியான விடையைப் பெற்றுக்கொள்கிறேன்.