நாலு வருஷமா 10×50 பைனாகுலர்ல வானம் பாக்குறேன், என் அனுபவம்

டெலஸ்கோப் வாங்கலாமா பைனாகுலர் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். 2022 பிப்ரவரில ஒரு 10×50 வாங்குனேன், அதாவது பத்து மடங்கு பெருசா காட்டும், முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர். தென்காசி பக்கம் எங்க வீட்டு மொட்டை மாடிலதான் எல்லாமே. ஜூன்ல சாரல் ஆரம்பிச்சிட்டா இங்க வானமே தெரியாது, அதனால பங்குனி சித்திரைல மேகம் இல்லாத ஒரு ராத்திரியக்கூட நான் விடுறதில்ல.

நிலாவ பௌர்ணமி அன்னைக்கு பாக்காதீங்க, கண்ணு கூசும், மேடு பள்ளம் ஒண்ணும் தெரியாது. வளர்பிறை சப்தமி அஷ்டமிதான் நல்ல நாள், வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோடு இருக்குல்ல, அங்க நிழல் நீளமா விழுறதால பள்ளம் எல்லாம் எடுப்பா தெரியும். ஆச்சிகிட்ட குடுத்தேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "எய்யா, அம்மி கொத்துன மாதிரில்லா இருக்கு"ன்னாங்க.

கைல சும்மா பிடிச்சா வியாழன் ஆடிக்கிட்டே இருக்கும். முழங்கைய கைப்பிடிச் சுவர்ல ஊனிட்டு மூச்ச அடக்கி பாருங்க, பக்கத்துல ஒரே வரிசைல புள்ளி புள்ளியா நிலாக்கள் தெரியும், 1610ல கலிலியோ பாத்த அதே நாலு (சில நாள் ரெண்டு மூணுதான், மத்தது முன்னாடியோ பின்னாடியோ மறைஞ்சிருக்கும்). சனியோட வளையம் இதுல தெரியாது, தெரியும்னு சொல்லி வித்தா நம்பாதீங்க. 2025 மார்ச் தொடக்கத்துல வெள்ளி மெலிசா பிறை மாதிரி இருந்துச்சு, எங்களுக்கு மேக்க மலை மறைக்கிறதுக்குள்ள பாத்துடணும். அதே வருஷம் மே முதல் வாரம் செவ்வாய் பூசத்துல இருக்கிற நட்சத்திரக் கூட்டத்துக்குள்ள போச்சு, வெள்ளப் பொடிக்கு நடுவுல செவப்பா ஒண்ணு, மூணு நாள் தொடர்ந்து மாடிலதான் இருந்தேன்.

எனக்கு எல்லாத்தையும் விட பெருசு ஒமேகா சென்டாரிங்கிற நட்சத்திரக் கூட்டம்தான். மே நடுவுல ராத்திரி பத்து மணி தாண்டுனதும் சித்திரை நட்சத்திரம் உச்சிகிட்ட வரும், அங்கேருந்து நேர் தெக்க இறங்குங்க, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவுல மூணுல ஒரு பங்கு உயரத்துல பஞ்சு உருண்டை மாதிரி மங்கலா ஒண்ணு நிக்கும். சுமார் ஒரு கோடி நட்சத்திரம், ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தூரம். லண்டன்ல இருக்கிறவங்களுக்கு இது அடிவானத்துக்கு மேலயே வராது, நமக்கு மாடி ஏறுனா போதும், ஆனா இத பத்தி நம்ம ஊர்ல யாரும் சொல்லித் தர்றதே இல்லங்கறது எனக்கு உண்மையாவே வருத்தம்.

குறைன்னா, கழுத்து வலிக்கும், அரைமணி நேரத்துக்கு மேல தொங்க விட முடியாது. ரெண்டாவது மழைக்காலத்துல இடது லென்ஸ் உள்ள பூஞ்சை பிடிச்சு சர்வீஸ் பண்ண வேண்டியதாச்சு, இப்ப காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா பகல்ல எட்டாத இடத்துல வைங்க, இதுல சூரியன பாத்தா கண்ணு போயிடும்.

அடுத்து ட்ரைபாடும் அதுல மாட்டுற அடாப்டரும் வாங்கணும். ஆச்சிக்கு கை நடுங்குது, நிலா வரைக்கும்தான் அவங்களால பாக்க முடிஞ்சிது, ஒமேகா சென்டாரி இன்னும் பாக்கல.