340 பவுண்டுக்கு நான் வாங்கிய "எண் 23" ரைபிள் கிரனேட்: சேகரிப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று நான்கு நாட்கள் காத்திருந்தேன். அது அடங்குவதாக இல்லை. இங்கிலாந்தில் நான் வசிக்கும் ஊருக்கு அருகே மாதம் ஒரு முறை கூடும் பழைய இராணுவப் பொருள் சந்தையில், முதல் உலகப் போர்க்கால ரைபிள் கிரனேட், அதாவது துப்பாக்கியிலிருந்து ஏவும் எறிகுண்டு, என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு பொருளுக்கு 340 பவுண்டு கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வெடிமருந்து நீக்கப்பட்ட வெறும் கூடுதான் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது எந்த வகைக் கூடு என்பதில்தான் மோசடி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மிங்காமைச் சேர்ந்த வில்லியம் மில்ஸின் பெயரால் அறியப்படும் கையெறி குண்டு, 1915-இல் எண் 5 என்ற பெயரில் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. கையால் எறியும் தொலைவு போதாமல் போகவே, குண்டின் அடியைத் திருகி மூடும் அடிமூடியின் நடுவில் மரையிட்ட துளை வைத்து, அதில் ஓர் எஃகுத் தண்டைத் திருகி, அந்தத் தண்டைத் துப்பாக்கிக் குழாய்க்குள் செருகி, முனையில் ஈயக்குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாவால் ஏவும்படி அமைத்தார்கள். அதுவே எண் 23. தண்டுகள் குழாயைப் பழுதாக்கியதால், 1918-இல் வந்த எண் 36-இல் தண்டு இல்லை. அதன் அடிமூடித் துளையில் ஒரு வட்டத் தகட்டைத் திருகி, துப்பாக்கி வாயில் பொருத்திய கிண்ணத்திலிருந்து ஏவினார்கள். எண் 36-க்குப் பின்னால் "எம்" என்ற எழுத்து இருந்தால் அது மெசொப்பொத்தேமியாவைக் குறிக்கும்; அந்நாட்டுத் தட்பவெப்பத்தில் ஈரம் புகாதிருக்க அரக்குப் பூசிய வகை அது. ஆக, இரண்டு வகைகளின் அடிமூடியிலும் துளை உண்டு. நான் விழுந்த குழி அந்தத் துளைதான்.

விற்றவர் எழுபது வயது மதிக்கத்தக்கவர். மேசையில் பச்சைக் கம்பளி விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் கையெழுத்தில் அட்டை வைத்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே அடிமூடியைக் கழற்றி உட்புறம் வெறுமையாக இருப்பதைக் காட்டினார். தண்டைத் தனியே என் உள்ளங்கையில் வைத்து, விடுபட்டால் குண்டை வெடிக்கத் தூண்டும் நெம்புகோல் முன்கூட்டியே விடுபடாமல் தடுக்கத் துப்பாக்கி முனையில் மாட்டிய வளையத்தைப் பற்றியும், குழாய்கள் உப்பிப்போனதைப் பற்றியும் அரைமணி நேரம் விளக்கினார். அவர் சொன்ன வரலாற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அதுதான் இப்போது என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறது. இவ்வளவு தெரிந்தவர் பொருளில் தவறு செய்ய மாட்டார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, வங்கி அட்டை இயந்திரம் பழுது என்று அவர் சொன்னதும் வெளியே ஓடி, 340 பவுண்டைப் பணமாக எடுத்துவந்து நீட்டினேன்.

வீட்டில் தண்டைக் கழற்றிப் பார்த்தபோது முதல் உறுத்தல். அதன் மரையில் என் கருவிப்பெட்டியில் கிடந்த ஆறு மில்லிமீட்டர் நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது. அங்குல அளவில் எல்லாம் செய்த அக்காலப் பிரிட்டிஷ் தொழிற்சாலை மில்லிமீட்டர் மரை வெட்டியிருக்குமா? துளையின் உட்புறத்திலும் புதிதாக வெட்டிய பளபளப்பு. கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அடிமூடியைப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடம் அரம் போட்டுத் தேய்க்கப்பட்டு, அதன்மேல் கருப்பு வண்ணம் அடிக்கப்பட்டிருந்தது; அவசரத்தில் விட்டுப்போன இடத்தில் "எம்" என்ற எழுத்தும் "41" என்ற ஆண்டும் மங்கலாகத் தெரிந்தன. உடலின் பள்ளங்களில் வண்ணத்தைச் சுரண்டினால் செம்பழுப்பு நிறத்தில் அரக்கு. அரக்கு மாளிகையைக் கட்டியவனாவது அதை மெழுகி மறைக்கக் கொஞ்சம் பாடுபட்டான். என் கையில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க்கால எண் 36-எம். நேற்றுச் செய்த தண்டைச் செருகி அதற்கு வயதைக் கூட்டியிருக்கிறார்கள்.

முதல் மின்னஞ்சலுக்கு, "போர்க்காலத்தில் கிடைத்த உதிரிகளைக் கலந்துதான் பூட்டினார்கள்" என்று பதில் வந்தது. 1941-இல் வார்த்த மூடியை 1917-இல் எப்படிப் பூட்டினார்கள் என்று கேட்டதற்கு, அரக்கு என்று நான் சொல்வது பழைய எண்ணெய்க் கறை என்றும், மூடியைக் கழற்றி அதன் மதிப்பைக் கெடுத்ததே நான்தான் என்றும் எழுதினார். மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. சந்தை அமைப்பாளரோ, தாங்கள் மேசைக்கு வாடகை வாங்குபவர்கள் மட்டுமே என்று தொலைபேசியை வைத்துவிட்டார். ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் "பழைய கிரனேட், வெறுமையானது, 340 பவுண்டு" என்று மட்டுமே இருக்கிறது. 23 என்ற எண்ணும் இல்லை, முதல் உலகப் போர் என்ற சொல்லும் இல்லை. வேறொரு வணிகரிடம் காட்டினேன். மூடி தேய்க்கப்பட்டதால் ஐம்பது பவுண்டுக்கு மேல் தர மாட்டேன் என்றார்.

எல்லா வகைகளையும் பாகம் பாகமாக விளக்கி எழுதுவதாக நண்பர்களுக்குச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. கைக்கு வந்ததை மட்டும் எழுதுகிறேன். அடிமூடியில் எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் படிக்கும்படி இல்லையென்றால் வாங்காதீர்கள். தண்டு, மூடி, உடல் மூன்றையும் தனித்தனிப் பொருளாக எண்ணிச் சோதியுங்கள். புதிய மரை மின்னும், பழையது மின்னாது. பணமாகக் கொடுக்காதீர்கள். மூடி திறக்காமல் துருப்பிடித்துக் கிடப்பதை மலிவாகத் தந்தாலும் தொடாமல் காவல்துறையை அழையுங்கள். வெறும் கூடே ஆனாலும் விமானப் பயணப் பெட்டியில் வைக்காதீர்கள். எந்த எண், எந்தக் காலம் என்பதை ரசீதில் எழுதித்தரச் சொல்லுங்கள். விற்பவர் பேனாவைத் தேடத் தொடங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்த மாதச் சந்தைக்கான மேசைப் பட்டியல் நேற்று வந்தது. அதே மூலை, அதே மேசை, அதே மனிதர்.