வண்டியூர் தெப்பக்குளக் கரையில் மாலை நேரம்: ஒரு மதிப்புரை

மதுரைக்கு வரும் உறவினர்கள் மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் பார்த்து முடித்துவிட்டு, மாலையில் எங்கே போகலாம் என்று கேட்பது வழக்கம். சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பதில்தான்: மாரியம்மன் தெப்பக்குளம். சென்ற மாதம் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அத்தையை ஐந்தரை மணிக்கு அங்கே அழைத்துச் சென்றேன். காமராசர் சாலையிலிருந்து ஆட்டோ திரும்பியதும் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் விரிந்த நீர்ப்பரப்பைப் பார்த்துவிட்டு, "இது குளமாடா, இல்லை ஏரியா?" என்று கேட்டார். அவருடைய வியப்பு நியாயமானதுதான். ஏறத்தாழ 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்ட இந்தக் குளத்தை ஒருமுறை சுற்றி வந்தால் 1 கிலோமீட்டருக்கும் கூடுதலாக நடந்திருப்போம்.

திருமலை நாயக்கர் 1645இல் இதை அமைத்தார். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு தெப்பக்குளமானது என்றும், அப்போது மண்ணுக்கடியில் கிடைத்த பிள்ளையாரே இன்று மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் ஊரில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். விநாயகர் சதுர்த்தியன்று அவருக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை படைப்பார்கள் என்பதைச் சொன்னபோதுதான் அத்தையின் முகத்தில் உண்மையான மரியாதை தோன்றியது.

என் தலைமுறைக்குத் தெரிந்த தெப்பக்குளம் இதுவன்று. நாங்கள் கிரிக்கெட் ஆடியது இந்தக் குளத்துக்குள்தான். பந்து மைய மண்டபத்தின் சுவரில் பட்டால் நான்கு ஓட்டம் என்பது எங்கள் சட்டம். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பத்தைக் கட்டாந்தரையில் நிறுத்திவைத்து 'நிலைத் தெப்பம்' என்று விழாவை நடத்தி முடிப்பார்கள். பனையூர்க் கால்வாய் வழியாக வைகை நீர் வந்து சேர்ந்த பிறகே கரையின் தன்மை மாறியது. இப்போது படிக்கட்டில் உட்கார்ந்தால் காற்றில் ஈரம் தெரிகிறது. பொழுது சாயும்போது மண்டபத்தின் நிழல் நீரில் நீண்டு, விளக்குகள் எரியத் தொடங்கியதும் அது பொன்னிறமாக உடைந்து ஆடுவதைக் காணவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சிக்கு வருபவர்களே கரையின் நிரந்தரக் குடிமக்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் பெரியவர்கள், ஒவ்வொரு சுற்றிலும் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பெண்கள், சுவரில் வரிசையாக அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவர்கள் என எவரும் எவருக்கும் இடையூறாக இல்லை. தண்ணீர் நிறைந்திருக்கும் காலங்களில் படகு விடுவதும் உண்டு. நாங்கள் போன அன்று படகு ஓடவில்லை. அத்தைக்கு அதில் வருத்தம், எனக்கு இல்லை. இந்தக் குளம் கரையிலிருந்து பார்ப்பதற்கென்றே அமைந்தது என்பது என் கருத்து.

தின்பண்டங்களைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். தள்ளுவண்டி ஒன்றில் வாங்கிய பருத்திப்பால் முதல் தரம். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியிருந்தார்கள். பாத்திரத்தின் அடியை அகப்பையால் நன்றாகக் கிளறி ஊற்றிய அந்த அம்மா, மேலே தேங்காய்ப் பூவைத் தூவி, "சூடா இருக்கு, பார்த்துக் குடிங்கம்மா" என்று அத்தையிடம் நீட்டினார். சுக்கின் காரம் தொண்டையில் இறங்கிய பிறகுதான் இனிப்பு நாக்குக்கு வந்தது. சற்றுத் தள்ளி வேறொரு கடையில் வாங்கிய காளானோ முட்டைக்கோசும் சிவப்புச் சாயமும் கலந்த குழம்பாகவே இருந்தது. காளானைத் தேட வேண்டியிருந்தது. சாப்பிட்ட தட்டைப் போடக் குப்பைத்தொட்டி கேட்டதற்குக் கடைக்காரர் தரையைக் காட்டினார்.

குறை என்றால் அதுதான் பெரிய குறை. விடுமுறை நாட்களில் நடைபாதையின் பாதியைக் கடைகளின் நாற்காலிகளும் மீதியை இருசக்கர வாகனங்களும் பிடித்துக்கொள்வதால், நடப்பவர்கள் சாலையில் இறங்கிப் பேருந்துகளுக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது. முதியவர்களோடு வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிட்டு, வேலை நாட்களில் ஆறு மணிக்குள் வந்துவிடுவது நல்லது.

கூட்டத்தைப் பொருட்படுத்தாதவர்கள் தைப்பூசத்துக்கு வரலாம். அன்று அதிகாலையிலேயே மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலை விட்டுக் கிளம்பி இங்கே வந்துவிடுவார்கள். கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். நம்மை நோக்கி வடம் நீளும்போது தயங்காமல் பிடித்துவிட வேண்டும். நீரில் ஊறிய கயிறு எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும். அத்தை அடுத்த தைக்கு இப்போதே ரயிலில் முன்பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்.