இருநூறு பக்க சி.ஆர். கொப்பி: ஒரு வருடம் எழுதிப் பார்த்த பிறகு

ஹட்டனில் பஸ் நிலையத்திலிருந்து கடைவீதிக்கு ஏறிப் போகும் வழியில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. 2025 ஜனவரி முதல் வாரத்தில் அங்கே ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, மிச்சத்தை வாங்கிக்கொண்டு, இருநூறு பக்க சி.ஆர். கொப்பி ஒன்றோடு வெளியே வந்தேன். ஒற்றைக் கோடு, தடித்த மட்டை, முதுகில் கறுப்புத் துணிப்பட்டி. "எத்தனையாம் ஆண்டுப் பிள்ளைக்கு, டீச்சர்?" என்று கடைப் பையன் கேட்டான். எனக்குத்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தொரு வயதில் ஒரு கொப்பிக்காகப் பொய் சொன்னேன் என்பதுதான் அதில் நான் எழுதிய முதல் வரி.

அந்தக் கொப்பியும், ஜூலைக் கடைசியில் வாங்கிய அதன் தம்பியும் சேர்ந்து என் வருடத்தைத் தின்று முடித்துவிட்டன. சோறு வேகும் மின் அடுப்புக்கும் கைபேசிக்கும் மதிப்புரை எழுதுகிறார்கள். கொப்பிக்கு யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நாளும் கொஞ்சம் எழுத ஆசைப்படுகிறவர்கள், அதிலும் வருடத்தில் பாதி நாள் ஈரத்தில் ஊறிக் கிடக்கும் எங்கள் பக்கத்துக்காரர்கள், வாங்குமுன் தெரிந்துகொள்ளட்டும்.

டயரி வாங்கலாமே என்பார்கள். நான் வாங்கவே வேண்டாம், வருடா வருடம் யாராவது ஒன்று தந்துவிடுவார்கள். தேதி அச்சடித்த பக்கத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நான்கு நாள் எழுதாமல் விட்டால், வராத பிள்ளையின் பெயருக்கு நேரே இடாப்பில் விழும் சிவப்புப் புள்ளி மாதிரி, அந்த நான்கு பக்கமும் நம்மைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் நாள் அதைத் திறக்கவே மனம் வராது. பெப்ரவரியோடு நின்றுபோன டயரிகள் என் அலுமாரியில் நான்கு கிடக்கின்றன. ஒன்றின் மீதிப் பக்கங்களில் அண்ணன் மகன் வாய்பாடு எழுதிப் பழகினான். அந்த நான்கில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

சி.ஆர். கொப்பியில் தேதி நாம் போடுவது. பத்து நாள் விட்டாலும் பதினோராம் நாள் அடுத்த கோட்டில் தொடங்கிவிடலாம். சொல்ல ஒன்றும் இல்லாத நாள் இரண்டு கோட்டோடு முடியும். மே 11ஆம் தேதி கொத்மலைப் பக்கம் கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து அத்தனை பேர் இறந்தபோது ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். தினமும் மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட் வளைவுகளில் பஸ்ஸில் போய் வருகிறவளுக்கு அது ஒரு பக்கத்தில் அடங்குகிற செய்தியா?

கைபேசியிலும் எழுதிப் பார்த்தேன். 2024இல் ஏழு மாதம் எழுதியது, கைபேசி மாற்றியபோது போன இடம் தெரியவில்லை. கடைக்காரர் எடுத்துத் தருகிறேன் என்றார், தரவில்லை. அதை விடுங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். அன்று கொப்பியில் இருப்பது: "குரங்கு கைவைத்தது பாணந்துறையில். வேகாத சோறு மஸ்கெலியாவில்." கைபேசியாக இருந்தால் அதையும் எழுதியிருக்க மாட்டேன், இருந்த சார்ஜை அண்ணனுக்கு அழைப்பு எடுக்கவென்று பொத்தி வைத்திருப்பேன்.

இனிக் கடதாசி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை குறை சொல்ல ஏதும் இல்லை. பேனை வழுக்கிக்கொண்டு போகும், எழுத்து மறுபக்கம் தெரியாது. ஜூனில் மழை பிடித்ததும் கதை மாறுகிறது. தாள் நமுத்த அப்பளம் போலத் துவண்டுவிடுகிறது. மூடி வைத்த கொப்பி தானாகவே வாயைப் பிளக்கிறது. ஓகஸ்ட் மாதத்தில் மட்டையின் உட்பக்கம் சாம்பல் நிறப் பூஞ்சணம் படிந்ததைப் பார்த்து அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டுபோய், அடுப்புக்கு மேலே விறகு காயப் போடும் பரணில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அதுதான் அதன் இடம். இப்போது என் வருடம் முழுவதும் புகை வாசம் வீசுகிறது; பூஞ்சணம் மட்டும் திரும்பி வரவில்லை. கற்பூரத்தைவிட இது நல்ல வைத்தியம்.

அப்பா இருந்திருந்தால் இந்தக் கடதாசியைப் பட்டு என்றிருப்பார். அவர் படித்த காலத்துக் கொப்பி வாழைச்சேனை ஆலைக் கடதாசியாம், வைக்கோலில் செய்ததாம். எழுதும்போது ஏதாவது ஒரு நாரில் பேனை இடறி விழும், அந்த இடத்தில் மை குளம் கட்டும் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு 2022 மார்ச் நினைவு வருகிறது. கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாள்கள் அவை. என் வகுப்புப் பிள்ளைகள் பழைய தேர்தல் துண்டுப்பிரசுரங்களின் முதுகில் கட்டுரை எழுதினார்கள். இருநூறு வெள்ளைப் பக்கம் மொத்தமாகக் கையில் கிடைத்தால் இன்னும் எனக்குக் கொஞ்சம் படபடக்கிறது. அதனால் இந்த மதிப்புரையில் ஓரவஞ்சனை இருக்கலாம்.

எழுதும் பழக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் கொப்பியைப் பற்றிச் சொன்னது அரைகுறையாகிவிடும். கடைசிப் பக்கத்தில் நான் ஒரு செக்ரோல், அதாவது தோட்டத்தில் வேலை நாள் பதியும் இடாப்பு, கீறி வைத்தேன். மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக: தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்போம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'தான் விழும். ஞாயிற்றுக்கிழமை கிலோவுக்கு இவ்வளவு என்று எடுப்பது 'கைக்காசு'. முப்பத்துநான்கு வருடம் கொழுந்தெடுத்த அம்மாவின் மகள் வேறு எந்தக் கணக்கில் எழுதுவாள்? ஒரு பக்கம் நிறைந்தால் முழுப்பேர். பத்துக் கோட்டுக்குள் நின்றால் அரைப்பேர். ஞாயிறு எழுதியது எல்லாம் கைக்காசு என்று பக்கத்தில் ஒரு புள்ளி.

வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். முழுப்பேர் 143, அரைப்பேர் 71, வேலைக்கே போகாத நாள் 151. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இந்த லட்சணத்தில் உனக்கு எந்தத் துரை சம்பளம் போடுவான்?" என்றார்.

முழுப்பேர் நாள்களைத் திருப்பி வாசிக்க எனக்கே பொறுமை இல்லை. பஸ் வரவில்லை, தலைவலி, கூட்டத்தில் யார் என்னை என்ன சொன்னார்கள், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறேன். நின்று வாசிப்பது அரைப்பேர் நாள்களைத்தான். மார்ச்சில் ஒன்று: "மவுசாகலையில் தண்ணீர் இறங்கிவிட்டது. மூழ்கிய பழைய மஸ்கெலியாக் கோயில் தலை காட்டுகிறது. அம்மா பஸ் சன்னலிலிருந்தே கும்பிட்டார், கண்டக்டரும்." ஏப்ரலில் ஒன்று: "ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று பனிமூட்டத்துக்கு எதிர்ச்சொல் 'தெரியும்' என்று எழுதியிருக்கிறது. சரி போட்டேன்." கால் பக்கம் மீதி விட்டு நிறுத்தியிருக்கிறேன். களைப்பில் நிறுத்தியதுதான், கலை ஒன்றும் இல்லை.

அரைப்பேர் நாள்களில் ஒன்று இது. "ஜூலை 8. கொழுந்து மலையில் அண்ணிக்குக் குளவி கொட்டியது. பத்தரை மணி. ஆஸ்பத்திரியில் தங்க வைத்துவிட்டார்கள்." அவ்வளவுதான். ஓகஸ்டில் சம்பளத் துண்டு வந்தபோது அந்த நாள் அண்ணி வேலைக்கு வராத நாளாக இருந்தது. அண்ணிக்குத் தேதி நினைவில்லை. 7ஆ 8ஆ என்று தடுமாறினார். எங்கள் வீட்டில் எந்த நாளையும் நாங்கள் எழுதி வைத்ததில்லை. அம்மாவின் அடையாள அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருக்கிறது, யாரோ ஒரு எழுதுவினைஞர் அவசரத்தில் போட்டது. வேலை செய்த நாள் தோட்டத்துச் செக்ரோலில் இருக்கும். எங்களுக்கு வருவது துண்டு மட்டும். கொப்பியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, அண்ணியோடு தோட்டத்து ஒப்பீசுக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் அதைத் தொடவில்லை. கிளார்க் வாங்கி, மூக்கைச் சுளித்தபடி அந்தப் பக்கத்தை வாசித்தார், பிறகு ஆஸ்பத்திரித் துண்டைக் கேட்டார். இரண்டிலும் தேதி ஒன்று. நீண்ட நேரம் யோசித்துவிட்டு, பத்தரை மணிவரை வேலை செய்ததற்கு ஓர் அரைப்பேர் போட்டுத் தருவதாகச் சொன்னார். அண்ணியின் ஒரு பேருக்கு அப்போது 1,350 ரூபாய். அரைப்பேரில் கொப்பி விலை வந்து, மேலே நல்ல மிச்சமும் இருந்தது.

இரண்டாவது கொப்பியைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது. அதே கடை, மட்டையில் அதே படம், விலையும் கிட்டத்தட்ட அதுவே. வீட்டுக்கு வந்து விரித்தபோதுதான் முதுகில் நெரிந்த சத்தம் கேட்டது. முதலாவது நூலால் தைத்தது. இது பசை. துணிப்பட்டி இருந்த இடத்தில் துணி போலத் தெரியும் கடதாசி. தாளும் மெல்லியது, மறுபக்கத்தின் எழுத்து நிழலாக விழுந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். "இப்போது எல்லாம் இப்படித்தான் வருகிறது, டீச்சர்" என்றார் முதலாளி. அவர் மேல் பிழை இல்லை, அவரும் வாங்கி விற்கிறவர். ஆனால் விலையில் அந்த நூலைக் குறைத்திருக்கலாம்.

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, டித்வா புயல். மலையகம் அன்று பட்டதை எல்லோரும் அறிவார்கள், இங்கே விரிக்கப் போவதில்லை. எங்கள் கூரைத் தகரம் ஒரு மூலையில் எழும்பி, தண்ணீர் நேரே பரண்மேல் இறங்கியது. இரண்டு கொப்பியும் நனைந்தன. பொதுவாக இப்படி ஒரு சோதனையை யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள் என்பதால் கண்டதைச் சொல்கிறேன். குமிழ்முனைப் பேனையால் எழுதியது ஒன்றும் ஆகவில்லை. அதன் மை எண்ணெய்ப் பசையுள்ளது. செப்டம்பரில் ஆசைப்பட்டு வாங்கிய நீல ஜெல் பேனையால் எழுதிய மூன்று வாரம் மொத்தமாகக் கரைந்து, பக்கம் பக்கமாக மேகம் போல் நிற்கிறது. அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்று எனக்கு இப்போது ஒன்றுமே நினைவில்லை. பென்சில் எழுத்து அசையவே இல்லை. தைத்த கொப்பி காய்ந்த பிறகு தடித்துப்போய், சோற்றுப் பானைக்கு மூடி வைத்தாற்போல உட்கார்ந்திருக்கிறது. ஒரு தாளும் கழன்று வரவில்லை. பசைக் கொப்பி அன்றிரவே கொத்தாகக் கழன்றது.

அது கழன்றதும் ஒரு விதத்தில் கைகொடுத்தது. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை. எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பதினொரு குடும்பம் வந்து தங்கியிருந்தது. யார் யார் எங்கே, யாருக்கு இன்சுலின், எந்தக் குழந்தைக்குப் பால்மா என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளைகளின் பென்சிலால் எழுதி, நோர்வூட் வரை போகத் துணிந்த ஓட்டோக்காரத் தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. கிழிக்கக்கூடத் தேவைப்படவில்லை, இழுத்தால் தாள் கையோடு வந்தது. பதினான்கு தாள் அப்படிப் போனது. திரும்பி வந்தது ஒன்று. அதன் பின்புறத்தில் வேறு யாரோ, எனக்குத் தெரியாத கையெழுத்தில், "பால்மா இரண்டு பெட்டி அனுப்பியாயிற்று, மருந்து நாளை" என்று எழுதியிருந்தார்கள். அதைக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன், அரைப்பேர்க் கணக்கில் சேர்த்து.

ஆகவே யாராவது கேட்டால்: தேதி போட்ட டயரி வேண்டாம். ஜெல் பேனை வேண்டவே வேண்டாம். இருநூறு பக்கம் போதும், நானூறு பக்கம் பரணுக்குப் பாரம். மட்டைப் படத்தையும் விலையையும் பார்த்து ஏமாறாமல், கடையிலேயே நடுப்பக்கத்தை விரித்து, தையல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இந்த ஜனவரியில் மூன்றாவது கொப்பிக்குப் போனபோது அப்படித்தான் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு நின்றேன். பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறி, மேல்தட்டில் கிடந்த பழைய கட்டிலிருந்து ஒன்றை உருவித் தந்தான். மட்டை சற்று மங்கியிருந்தது. நடுவில் வெள்ளை நூல் தெரிந்தது, ஒரு முடிச்சு மட்டும் கொஞ்சம் தளர்வாக. "ஏ.எல். பிள்ளை பாஸா, டீச்சர்?" என்று கேட்டான். பெறுபேறு இன்னும் வரவில்லை என்றேன்.