கிட்டில் இருந்து கட்டிய எலக்ட்ரிக் கிட்டார்: சில வருடங்கள் வாசித்த பிறகு

கிட் (பாகங்கள் தனித்தனியாக வரும் பெட்டி) வாங்கி நானே கட்டிய கிட்டார் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றித்தான். என்ன பெயின்ட், எத்தனை கோட், இந்தப் பளபளப்பு எப்படி வந்தது? அதைச் சொல்வதற்கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் சில வருடங்களாக இதையே என் முதல் கிட்டாராக வாசித்து வந்த பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று உண்டு. கம்பி தொடுகிற இடங்கள்தான் ஒரு கிட் கிட்டாரின் தலையெழுத்தை முடிவு செய்கின்றன: நெக்கின் (கழுத்தின்) மேல் முனையில் கம்பிகள் தங்கும் பள்ளக் கட்டையான நட், விரல் வைக்கும் பலகையான ஃபிரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட், பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ். நேரமும் காசும் அங்கே போக வேண்டும். பாடியின் அழகுக்குச் செலவழிப்பதை மிச்சம் இருப்பதில் வைத்துக்கொள்ளலாம்.

நான் எடுத்தது டெலிகாஸ்டர் மாதிரி கிட். முதன்முதலாகக் கட்டுகிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன். டெலிகாஸ்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1950-ல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்து, 1951-ல் டெலிகாஸ்டர் ஆன அந்தக் கிட்டாரை, எளிதாகச் செய்யவும் எளிதாகக் கழற்றிப் பழுது பார்க்கவும் தோதாகத்தான் வடிவமைத்தார். தட்டையான பாடி, நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் நெக், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் இரண்டு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரு சுவிட்ச். தொழிற்சாலைக்காக யோசித்த அந்த எளிமை புதிதாகக் கட்டுகிறவருக்கும் அப்படியே உதவுகிறது. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டார் மாதிரி கிட்கள் பலவற்றில் நெக்கைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். கோணம் கொஞ்சம் பிசகினால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு. டெலியில் நெக் சரியில்லை என்றால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும்.

பெட்டியைத் திறந்ததும் பெயின்ட் வேலையில் இறங்காமல், முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். டெலியின் ஸ்கேல் நீளம் (நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே அதிரும் கம்பியின் நீளம்) 25.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 648 மி.மீ. நட்டில் இருந்து 12-வது ஃபிரெட் வரை அளந்தால் 324 மி.மீ. வரும், அதே தூரம் அங்கிருந்து பிரிட்ஜின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டு) வரைக்கும் இருக்க வேண்டும். தடித்த கம்பிகளின் சேடில் இன்னும் கொஞ்சம் பின்னால் போக இடம் வேண்டும். பிரிட்ஜ் ஸ்க்ரூவுக்குத் துளை போடுவதற்கு முன் இந்த அளவு சரியாக வந்துவிட்டால் பின்னால் வரும் தலைவலியில் பாதி இல்லை. அதோடு, நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களில் இருந்தும் பிரிட்ஜுக்கு நூல் கட்டிப் பார்த்தேன். ஃபிரெட்போர்டின் இரண்டு ஓரத்திலும் நூலுக்கு ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். என் கிட்டில் நெக் மெல்லிய ஈ (E) கம்பிப் பக்கம் ஒரு நூலிழை சாய்ந்திருந்தது. நெக் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் தளர்த்தி, நெக்கைக் கையால் நகர்த்திப் பிடித்து, மறுபடி இறுக்கியதில் சரியானது.

மேப்பிள் கடினமான மரம். டியூனிங் கீயின் குட்டி ஸ்க்ரூக்களைத் துளை போடாமல் திருகினால் தலை முறிந்து உடல் மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். சரியான அளவில் துளை, ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் மெழுகு. இதற்கு மேல் ரகசியம் எதுவும் இல்லை.

அடுத்தது மர வேலை. பாடி ஆஷ் மரம், சில பலகைகளை ஒட்டிச் செய்தது. 120-ல் தொடங்கி 180, 220 என்று உப்புத்தாள் போட்டேன், எப்போதும் மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே. கையால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். இதுதான் ஏமாற்றும் கட்டம். ஈரத்துணியால் பாடி முழுவதும் ஒருமுறை துடைத்தால் இரண்டு விஷயம் தெரியவரும். ஒன்று, படுத்திருந்த மர நார்கள் எழுந்து சொரசொரப்பாகும். காய்ந்ததும் மெல்லத் தேய்த்துவிட்டால் பிறகு சாயம் ஏற்றும்போது மறுபடி எழாது. இரண்டாவது இன்னும் முக்கியம். மரம் முழுவதும் நனைந்து கருக்கும்போது, பசை ஒட்டிக்கொண்டிருக்கிற இடம் மட்டும் வெளிறியே நிற்கும். என் பாடியின் கீழ் விளிம்பில், பலகை இணைப்பை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்கு அப்படி ஒரு திட்டு இருந்தது. உலர்ந்திருக்கும்போது எந்த வெளிச்சத்திலும் அது கண்ணில் படவே இல்லை. அப்படியே நீலச் சாயம் ஏற்றியிருந்தால் அந்த இடம் மட்டும் குடிக்காமல் வெள்ளையாகப் பல்லிளித்திருக்கும். 120-க்குத் திரும்பிப் போய்த் தேய்த்து, மறுபடி நனைத்துப் பார்த்து, ஒரே நிறமாக ஆனதும்தான் அடுத்த வேலை.

ஆஷ் மரத்தில் துளைகள் ஆழமானவை. கண்ணாடி மாதிரி மேற்பரப்பு வேண்டும் என்றால் அந்தத் துளைகளை அடைக்கும் கிரெய்ன் ஃபில்லர் போட்டே ஆக வேண்டும். பாஸ்வுட் கிட் என்றால் ஃபில்லர் தேவைப்படாது, ஆனால் அது மென்மையான மரம், நகம் பட்டாலே பள்ளம் விழும். சாயமும் திட்டுத்திட்டாக ஏறும், அதற்கு மரம் தெரியாதபடி முழுதாக மூடும் நிறமே நல்லது. நான் ஃபில்லர், அதன் மேல் தண்ணீரில் கரையும் நீலச் சாயம், அதற்கும் மேல் துணியால் பூசும் பாலியூரிதேன் என்று போனேன். ஸ்ப்ரே செய்ய இடமும் சரியான முகமூடியும் இல்லாதவர்களுக்குத் துணிப்பூச்சுதான் தோது. மெல்லிய கோட்டாகப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக வருடி, அடுத்த கோட். கடைசிக் கோட்டுக்குப் பிறகு பல வாரம் தொங்கவிட்டேன். மூக்கை அருகில் வைத்தால் வாசனை வருகிற வரை உள்ளே இன்னும் இறுகவில்லை என்று பொருள். அதற்குள் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் பளபளப்பு நிலைக்காது. நெக் உட்காரும் குழிக்குள் மட்டும் எதையும் பூசக் கூடாது, டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். பூச்சின் தடிமன் அங்கே நெக்கைச் சரியாக அமர விடாது.

ஓர் எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் போல உலரும் எண்ணெய்களைப் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, நன்றாக விறைத்த பிறகுதான் தூக்கிப்போட வேண்டும்.

ஒயரிங் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். டெலியில் அது ஒரு மாலை வேலை. கொஞ்சம் தந்திரம் தேவைப்படும் ஒரே இடம் பொட்டின் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடைப் பாகத்தின்) முதுகில் கிரவுண்ட் ஒயருக்கு ஈயம் வைப்பது. அந்தத் தகடு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். முதுகை உப்புத்தாளால் சுரண்டி, 40 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்னின் அகலமான முனையை வைத்து, ஈயம் பரவி ஒட்டியதும் சட்டென்று எடுத்துவிட வேண்டும். சின்ன அயர்னை நிமிடக்கணக்கில் வைத்திருந்தால் பொட்டின் உட்பகுதி வெந்துவிடும். பிரிட்ஜுக்கு அடியில் வரும் கிரவுண்ட் ஒயரின் நுனி உலோகத்தை உண்மையிலேயே தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டேன். அது தொடாவிட்டால் ஆம்ப்ளிஃபையரில் ஓயாத இரைச்சல் கேட்கும். ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பொட், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். சிங்கிள் காயிலுக்கு 500 போட்டாலும் வேலை செய்யும், ஆனால் ஒலி காதைக் குத்தும்.

இனி ஃபிரெட்டுக்கு வருகிறேன். கிட் நெக்கில் ஃபிரெட்களை அடித்து அனுப்பியிருப்பார்கள், ஆனால் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. மூன்று ஃபிரெட்களின் மேல் மட்டும் உட்காருகிற மாதிரி ஒரு குட்டையான நேர் விளிம்பை வைத்துப் பார்த்தால், நடுவில் உள்ளது உயரமாக இருந்தால் அது டக்டக்கென்று ஆடும். என் நெக்கில் பல இடங்களில் ஆடியது. அதில் சிலவற்றில் ஃபிரெட்டின் நுனி பள்ளத்தில் இருந்து லேசாக எழும்பியிருந்தது. அவற்றைத் தேய்க்காமல் முதலில் தட்டி உட்காரவைத்து, நுனியில் ஒரு சொட்டுப் பசை விட்டேன்.

அப்புறம் நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகி நெக்கை நேராக்கி, ஃபிரெட்போர்டு முழுவதும் டேப் ஒட்டி, ஒவ்வொரு ஃபிரெட்டின் தலையிலும் கருப்பு மார்க்கரால் கோடு போட்டேன். 320 உப்புத்தாள் ஒட்டிய நேரான அலுமினியக் கட்டையை நெக்கின் நீளவாக்கில், அழுத்தாமல், அதன் எடையிலேயே ஓட்ட வேண்டும். சில இழுப்பிலேயே உயரமான ஃபிரெட்கள் மையை இழந்து பளிச்சென்று மின்னும். தாழ்ந்தவை கருப்பாகவே நிற்கும். எல்லாத் தலையிலும் மை லேசாகப் போனதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு இழுப்பும் ஃபிரெட்டின் ஆயுளில் இருந்துதான் போகிறது. இப்போது தலைகள் தட்டையாகியிருக்கும். மறுபடி மை பூசி, குழிந்த அரத்தால் இரு பக்கமும் உருட்டிக்கொண்டே வந்தால், கருப்பு மெலிந்து மெலிந்து நட்டநடுவில் தலைமுடி அளவு கோடாக நிற்கும். அந்தக் கோடு தெரிந்தால் வளைவும் சரி, உயரமும் குறையவில்லை. பிறகு 600, 1000, 2000 என்று மெருகு. பிக்கப் அருகில் இருக்கும்போது ஸ்டீல் வுல் வேண்டாம்; அதன் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

இந்த மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாடி வேலையை விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன், அந்த நேரம் இன்றைக்கும் தினமும் கையில் தெரிகிறது.

செட்டப்பில் வரிசை முக்கியம். முதலில் நெக்கின் வளைவு. கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் 7, 8-வது ஃபிரெட் பக்கம் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கலாம். இதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை: 10 கேஜ் செட்டின் மெல்லிய ஈ கம்பி 0.25 மி.மீ. தடிமன், வெட்டிப்போட்ட துண்டே அளவுகோல். டிரஸ் ராடை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். அடுத்து சேடில் உயரம். 12-வது ஃபிரெட்டில் மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ. பக்கம் வைத்திருக்கிறேன், தடித்த கம்பிக்கு 2. அதன் பிறகு நட். கம்பியை 3-வது ஃபிரெட்டில் அழுத்தினால் முதல் ஃபிரெட்டின் மேல் வெளிச்சக்கீற்று அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். நட் உயரமாக இருந்தால் டியூனர் சரி என்று சொன்னாலும் முதல் ஃபிரெட்களில் பிடிக்கும் கார்டுகள் சுருதி ஏறித்தான் ஒலிக்கும். கடைசியில் இன்டொனேஷன், அதாவது ஃபிரெட்டில் அழுத்தும்போது சுருதி சேருகிறதா என்ற சரிபார்ப்பு: 12-வது ஃபிரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை விட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால்.

இத்தனை வருடத்தில் என்ன ஆனது? முதல் வருடம் நெக் கொஞ்சம் அசைந்துகொண்டே இருந்தது, பருவம் மாறும்போதெல்லாம் டிரஸ் ராடைத் தொட வேண்டியிருந்தது. வறண்ட மாதங்களில் ஃபிரெட்போர்டு சுருங்கி ஃபிரெட் நுனிகள் ஓரத்தில் உறுத்தின. அரத்தால் ஒருமுறை சாய்வாக வழித்துவிட்டதும் திரும்ப வரவில்லை. கேபிள் செருகும் ஜாக்கை இறுக்கும் மரை நட்டு தளர்ந்துகொண்டே இருந்தது, பல்லுள்ள வாஷர் போட்டதும் நின்றது. வால்யூம் பொட் கரகரத்தது, கான்டாக்ட் கிளீனரில் கொஞ்ச காலம் ஓட்டிப் பிறகு மாற்றிவிட்டேன். ஃபில்லர் மெல்ல உள்வாங்கியதில் பளபளப்பின் அடியில் மர ரேகைகள் இப்போது மேடு பள்ளமாகத் தெரிகின்றன. கண்ணாடி மாதிரி இருந்த நாளை விட எனக்கு இது பிடித்திருக்கிறது.

மாற்றிய பாகங்களில் முதலில் போனது பிளாஸ்டிக் நட். எலும்பு நட் வைத்து, பள்ளங்களில் பென்சில் கிராஃபைட் தடவியதும் கம்பியை வளைத்து வாசித்தால் சுருதி கலைவது பெரும்பாலும் நின்றது. அதற்கு அடுத்து டியூனிங் கீ. பிக்கப்பை மாற்றச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். கிட்டோடு வந்த செராமிக் பிக்கப்பை உயரம் மட்டும் இறக்கி வைத்துக் கேட்டேன், இன்றுவரை அதுவே இருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர் பிக்கப்புக்கு வைத்திருக்கும் காசை நட்டுக்கும் கீக்கும் ஃபிரெட் அரத்துக்கும் திருப்பிவிடுவது நல்லது என்பேன்.

கிட் வாங்கினால் காசு மிச்சமா என்றும் கேட்கிறார்கள். அரம், நேர் விளிம்பு, உப்புத்தாள், பூச்சு, சால்டரிங் சாமான் எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் என்று சொல்ல மாட்டேன். உடனே வாசிக்கக் கிட்டார் வேண்டும் என்பவர், கட்டி முடித்ததைச் செட் செய்து வாங்குவதே நல்லது. ஏற்கெனவே ஒன்று வைத்து வாசித்துக்கொண்டு, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்குத்தான் கிட். இதைக் கட்டிய பிறகு என்னுடைய மற்ற கிட்டாரையும் வெளியே செட்டப்புக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போது முதல் சில ஃபிரெட்களில், மெல்லிய கம்பிகளுக்கு அடியில், பள்ளம் விழத் தொடங்கியிருக்கிறது. கம்பியை வளைக்கும்போது விரலில் தட்டுகிறது. இன்னொரு முறை சமன் செய்யும் அளவுக்கு உயரம் மிச்சம் இருக்கிறது. அடுத்த தடவை கம்பி மாற்றும்போது அதே அலுமினியக் கட்டையையும் மார்க்கரையும் எடுக்கப்போகிறேன்.